கோர்ட் வாசல் சோதனை: மெஷினுக்குப் பணம் கிடைக்கும், ஆளுக்கு?

எங்கள் கோர்ட்டின் முன்தாழ்வாரத்தில், ஆள் நுழைந்து போகிற கதவுநிலை மாதிரி, ஒரு மெட்டல் டிடெக்டர் நிலை நிற்கிறது. அதன் வயரைச் சுருட்டி ஒரு காலில் கட்டி வைத்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் வருகிறவர்கள் குடையை அதில் மாட்டிவிட்டுப் போகிறார்கள். வந்த புதிதில் சில மாதம் ஒழுங்காகத்தான் வேலை செய்தது. அப்புறம் ஒரு நாள் மின்னழுத்தம் ஏறி இறங்கியதில் நின்றுபோனது. பழுது பார்க்கும் செலவு யார் கணக்கில் வரும் என்று தெரியவில்லை. பக்கத்தில் நிற்க நிரந்தரமாக ஆளும் இல்லை.

மதுரையைச் சுற்றியுள்ள தாலுகா கோர்ட்டுகளில் ஒன்றில் இருபது வருடமாகத் தொழில் செய்கிறேன். மாவட்ட நீதிமன்றத்துக்கும் ஒத்தக்கடைப் பக்கம் உயர் நீதிமன்றக் கிளைக்கும் வாரத்தில் ஒன்றிரண்டு நாள் போய்வருகிறேன். மூன்று இடத்து வாசலும் எனக்குத் தெரியும். வருகிற சனிக்கிழமை எங்கள் வழக்கறிஞர் சங்கத்தில் கூட்டம். வாசல் சோதனையை மறுபடி தொடங்க வேண்டும் என்று மாவட்ட நீதிபதிக்கு மனு கொடுக்கப் போகிறோம். சோதனை வேண்டும் என்பதில் ஒருவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. பணம் எங்கிருந்து வருவது என்பதில்தான் ஆளுக்கொரு யோசனை. அந்த யோசனைகளை ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்க்கவே இதை எழுதுகிறேன்.

எதைத் தடுக்கப் போகிறோம் என்பதை முதலில் பார்த்துவிடலாம். 2024 டிசம்பர் 20 அன்று திருநெல்வேலி மாவட்ட நீதிமன்றத்தின் வாசலுக்கு எதிரே, பட்டப்பகலில், ஓர் இளைஞரை ஒரு கும்பல் வெட்டிக் கொன்றது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அதை விசாரணைக்கு எடுத்தது. நீதிமன்ற வளாகங்களில் ஆயுதம் ஏந்திய போலீசாரை நிறுத்த உத்தரவும் வந்தது. நம் பக்கத்துப் பகைக்குப் பெரும்பாலும் துப்பாக்கி கிடையாது, அரிவாள்தான். முதுகுப் பக்கம் சட்டைக்குள் செருகிக்கொண்டு வருவார்கள். ஒரு சாதாரண டிடெக்டர் நிலை, பக்கத்தில் ஆள் இருந்தால், அதைக் கண்டுபிடித்துவிடும்.

டெல்லி ரோகிணி நீதிமன்றத்தில் 2021 செப்டம்பர் 24 அன்று நடந்தது வேறு மாதிரி. வக்கீல் உடையில் வந்த இரண்டு பேர் கோர்ட் ஹாலுக்குள்ளேயே ஒரு விசாரணைக் கைதியைச் சுட்டுக் கொன்றார்கள். கறுப்பு கோட்டைப் பார்த்துச் சோதிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். மைசூரு நீதிமன்ற வளாகத்தில் 2016 ஆகஸ்ட் 1 அன்று குண்டு வெடித்தது கழிப்பறையில். அந்த வழக்கில் தேசியப் புலனாய்வு முகமை (என்.ஐ.ஏ.) சந்தேக நபர்களைக் கைது செய்தது நம் மதுரையில். ஆகவே இதெல்லாம் எங்கோ வடக்கே நடப்பது என்று நாம் இருந்துவிட முடியாது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 2011 செப்டம்பர் 7 அன்று டெல்லி உயர் நீதிமன்றத்தின் 5-ஆம் எண் வாசலில் குண்டு வெடித்தபோது செத்தவர்கள், உள்ளே போக அனுமதிச் சீட்டு வாங்குவதற்காக வெளியே காத்திருந்த ஜனங்கள். ஆளைக் குறைத்து, ஒரே வரிசை வைத்து, வாசலில் கூட்டத்தைத் தேக்கிவிட்டால், சோதனைக்கு நிற்கிற வரிசைக்கே ஆபத்து. பணத்தைப் பற்றிப் பேசும்போது ஆள் கணக்கிலிருந்து நான் இறங்கிவராததற்கு இதுதான் காரணம்.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். நிலை வழியாக வந்து, கைக்கருவியால் ஒரு தடவை தடவி, பையைத் திறந்து பார்க்க ஒருவருக்குப் பத்து விநாடி என்று வையுங்கள். ஒரு வரிசையில் நிமிடத்துக்கு ஆறு பேர். பத்து மணியிலிருந்து பத்தரை வரை 180 பேர். திங்கட்கிழமை காலையில் எங்கள் கோர்ட்டுக்கே அந்த அரை மணி நேரத்தில் இதைப் போல இரண்டு மடங்கு ஜனம் வருகிறது. ஆண்களுக்கு இரண்டு வரிசை, பெண்களுக்கு ஒன்று. வரிசைக்கு இரண்டு பேர், ஆயுதத்தோடு தள்ளி நின்று கவனிக்க ஒருவர், விடுப்புக்கு மாற்றாக ஒருவர். மொத்தம் எட்டுப் பேர், அதில் பெண்கள் மூன்று பேராவது வேண்டும்.

இரண்டாம் நிலைக் காவலரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 18,200 ரூபாய். எட்டுப் பேருக்கு மாதம் 1,45,600. வருடத்துக்கு 17,47,200. அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி எதையும் இதில் சேர்க்கவில்லை. மெஷின் பக்கம் வந்தால் கைக்கருவி சில ஆயிரம், டிடெக்டர் நிலை தரத்தைப் பொறுத்து ஒன்றிரண்டு லட்சம். அதுவும் ஒரே தடவைச் செலவு. பையை எக்ஸ்-ரேயில் பார்க்கும் ஸ்கேனர் மட்டும்தான் பத்து லட்சத்துக்கு மேல் போகும். தாலுகா கோர்ட்டுக்கு இப்போதைக்கு அது தேவையில்லை, ஒரு மேசையும் பையைத் திறந்து பார்க்க ஒரு ஆளும் போதும் என்பது என் எண்ணம்.

சரி, யோசனைகளுக்கு வருகிறேன்.

எம்.எல்.ஏ. நிதியைக் கேட்கலாம் என்பது முதலில் வந்தது. சட்டமன்ற உறுப்பினருக்கு வருடத்துக்கு 3 கோடி, எம்.பி.க்கு 5 கோடி தொகுதி மேம்பாட்டு நிதி உண்டு. கேட்டால் ஒரு நிலை வாங்கித் தருவார்கள், பெயர்ப் பலகையும் வைப்பார்கள். ஆனால் அந்தப் பணம் கட்டடம் கட்டவும் பொருள் வாங்கவும்தான். மாதாமாதம் சம்பளம் கொடுக்க அதில் வழி கிடையாது. தாழ்வாரத்தில் குடை மாட்டிக் கிடக்கிறதே, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று வந்து நிற்கும். வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத்தையும் சேர்த்து ஐந்து வருடத்துக்கு வாங்கித் தர முடியுமானால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மெஷினுக்கு மட்டும்தான் அந்தப் பணம் ஆகும்.

நீதிமன்றக் கட்டமைப்புக்கென்று மத்திய அரசின் திட்டம் ஒன்று இருக்கிறதே என்று ஒரு ஜூனியர் கேட்டார். 1993-94-லிருந்து நடக்கிற திட்டம் அது. 2021 முதல் 2026 வரை 9,000 கோடி, அதில் மத்திய அரசின் பங்கு 5,307 கோடி. நம் மாநிலத்துக்கு விகிதம் மத்திய அரசு 60, மாநிலம் 40. கோர்ட் ஹால், நீதிபதிகள் குடியிருப்பு, வக்கீல்கள் ஹால், கழிப்பறை, கணினி அறை ஆகியவற்றுக்கு அதில் பணம் உண்டு. வாசலில் நிற்கிற ஆளுக்கு அதிலும் இடமில்லை. புதுக் கட்டடம் வரும்போது வாசலை ஒழுங்காக அமைத்துக் கட்ட அது உதவும், அவ்வளவுதான்.

அடுத்த யோசனைதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. வக்கீலை நியமிக்கிற வக்காலத்தில் வழக்கறிஞர் சேமநல நிதி ஸ்டாம்ப் ஒட்டுகிறோம் அல்லவா, அதைப் போலப் பாதுகாப்புக்கு ஒரு ஸ்டாம்ப், இருபதோ முப்பதோ ரூபாய், ஒட்டச் சொல்லலாம் என்றார் எங்கள் மூத்த வக்கீல் ஒருவர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அமெரிக்காவில் பல மாநிலங்களில் இப்படித்தான் செய்கிறார்கள், வழக்குத் தாக்கல் கட்டணத்தோடு நீதிமன்றப் பாதுகாப்புக் கட்டணம் என்று தனியாக வாங்குகிறார்கள். பணம் நேராக அந்தக் காரியத்துக்கே போகும், யாரையும் கெஞ்ச வேண்டாம் என்பது அவருடைய வாதம். வாதத்தில் பலம் இருக்கிறது.

ஆனால் எனக்கு ஒரு கட்சிக்காரப் பாட்டி இருக்கிறார். ஒரு ஏக்கருக்கும் குறைவான பூர்வீக நிலத்தில் பாகம் கேட்டு வழக்கு. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஊரிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவார், பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ் வருகிற நேரம் பார்த்து. இடுப்பில் சுருக்குப்பை, அதில் பாக்குவெட்டி, பீரோச் சாவி, நாலாக மடித்த வழக்குக் காகிதம். நிலை வேலை செய்த காலத்தில் ஒரு நாள் அவர் நுழைந்ததும் அது கத்தியது. பாட்டி பயந்துபோய் அப்படியே நின்றுவிட்டார். வாசலில் இருந்த ஏட்டய்யா ஆண். பெண் காவலர் அன்றைக்கு வேறு ஏதோ பந்தோபஸ்துக்குப் போய்விட்டார். ஏட்டய்யா என்ன செய்வார்? "போங்கம்மா, போங்க" என்று அனுப்பிவிட்டார். உள்ளே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "தாயி, நான் ஒண்ணும் எடுத்துட்டு வரலையே" என்றார் பாட்டி. அவருக்கு நடந்தது அவமானம். வாசலுக்கு நடந்தது அதைவிட மோசம், அன்றைக்கு எந்தப் பெண்ணின் பையில் எது இருந்தாலும் உள்ளே போயிருக்கும்.

அந்தப் பாட்டியிடம் போய் இருபது ரூபாய் ஸ்டாம்ப் கேட்பதா? நீதிமன்றக் கட்டணம் கட்ட முடியாமல் ஜனங்கள் ஒதுங்குகிறார்கள் என்றுதான் 2017-இல் தமிழ்நாட்டில் வழக்கின் மதிப்பை வைத்து வாங்குகிற கட்டணத்தை ஏழரை சதவீதத்திலிருந்து மூன்று சதவீதமாகக் குறைத்தார்கள். ஒரு வாசலில் குறைத்ததை இன்னொரு வாசலில் கேட்பது நியாயமாகப் படவில்லை. நம் மாநிலத்திலிருந்தே உச்ச நீதிமன்றம் போன ஜெனித் லாம்ப் வழக்கில் சொன்னதும் நினைவுக்கு வருகிறது: நீதிமன்றக் கட்டணம் என்பது வரி அல்ல, சிவில் நீதி நிர்வாகச் செலவோடு அதற்குத் தொடர்பு இருக்க வேண்டும். இங்கே வாசலில் அரிவாள் வருவது பெரும்பாலும் கிரிமினல் வழக்குகளின் பகையால். பாகப் பிரிவினைக்கு வருகிற பாட்டி ஏன் அதற்குப் பணம் கட்ட வேண்டும்? இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தாலுகா கோர்ட்டில் வருடத்துக்கு எத்தனை வக்காலத்து விழும்? பெரிய ஊரில் நிறைய வசூலாகும், சின்ன ஊரில் ஒரு ஆள் சம்பளத்துக்கும் காணாது. ஆனால் வாசல் இரண்டு ஊரிலும் ஒன்றுதான். சனிக்கிழமை இந்த யோசனையை எதிர்த்துப் பேசுவேன்.

சங்கமே நன்கொடை திரட்டலாம் என்றும் ஒரு பேச்சு. ஊரில் ஜவுளிக்கடைக்காரர், கிரானைட்காரர், கல்லூரி வைத்திருப்பவர் என்று கொடுக்க ஆள் உண்டு. அவர்களில் பாதிப் பேருக்கு இதே கோர்ட்டில் வழக்கும் உண்டு. நீதிபதி நுழைகிற வாசலில் வழக்காடுபவரின் பணம் நிற்கக் கூடாது. இதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை.

உயர் நீதிமன்றத்தில் இருப்பது போல மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையைக் கொண்டுவரலாம் என்று இளைஞர்கள் ஆசைப்படுகிறார்கள். அதற்குக் காரணம் புரிகிறது. யானைமலையைப் பார்த்தபடி இருக்கிற அந்த வளாகத்தில் அடையாள அட்டை காட்டி, சீட்டு வாங்கி, பை ஸ்கேனரில் போய்த்தான் உள்ளே நுழைய முடியும். 2015 செப்டம்பரில் சென்னையில் தலைமை நீதிபதியின் கோர்ட் ஹாலிலேயே, தமிழை வழக்காடு மொழியாக்கக் கேட்டு வழக்கறிஞர்கள் போராட்டம் நடத்தினார்கள். அதைத் தொடர்ந்து அந்த நவம்பரில் அந்தப் படை வந்தது. ஆட்கள் பயிற்சி பெற்றவர்கள், உள்ளூர் ஸ்டேஷன் சொல்கிற வேறு வேலைக்கு ஓட வேண்டியதில்லை, உள்ளூர் முகதாட்சண்யமும் கிடையாது. ஆனால் அந்தப் படையைக் கேட்டு வாங்குகிறவர்தான் அதன் முழுச் செலவையும் ஏற்க வேண்டும். சம்பளத்தோடு தங்குமிடம், வண்டி எல்லாம் சேரும். ஓர் உயர் நீதிமன்றத்துக்கு அது தகும். தமிழ்நாட்டின் அத்தனை தாலுகா கோர்ட்டுக்கும் அதைக் கேட்டால் கோப்பு திரும்பி வரும், நமக்கு இரண்டு வருடம் வீணாகும். மொழிச் சிக்கல் வேறு. பாட்டியிடம் பாக்குவெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு "போகும்போது வாங்கிக்கோங்க" என்று தமிழில் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

மிச்சம் இருப்பது மாநிலப் போலீஸ். இதில் இரண்டு வழி இருக்கிறது, இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம்.

இப்போது நடப்பது சுற்று முறை. பக்கத்து ஸ்டேஷனிலிருந்தோ ஆயுதப்படையிலிருந்தோ அன்றன்றைக்கு ஆள் அனுப்புவார்கள். தனியாகச் செலவு எதுவும் காட்ட வேண்டியதில்லை, அதனால் எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் சித்திரைத் திருவிழா வந்தால் ஆள் மதுரைக்குப் போய்விடும். ஜல்லிக்கட்டு வந்தால் அலங்காநல்லூருக்கு, தேர்தல் வந்தால் இன்னொரு மாவட்டத்துக்கு. இன்றைக்கு நிற்கிறவருக்கு நேற்று யார் வந்து முறைத்துவிட்டுப் போனார்கள் என்று தெரியாது. எந்த வழக்குக்கு இரண்டு கோஷ்டியும் ஒரே நாளில் வருகிறது என்றும் தெரியாது. வாசலில் நிற்கிறவருக்கு முகம் தெரிவது ஒரு மெஷினுக்குச் சமம்.

நிரந்தரப் பிரிவு என்பது அடுத்த வழி. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. உயர் நீதிமன்றங்கள் உள்துறைச் செயலர், டி.ஜி.பி. ஆகியோரோடு கலந்து பாதுகாப்புத் திட்டம் தயாரிக்க வேண்டும். ஒவ்வொரு வளாகத்துக்கும் நிரந்தரமான நீதிமன்றப் பாதுகாப்புப் பிரிவு அதில் இடம்பெறலாம். எத்தனை பேர், எங்கிருந்து எடுப்பது, குறைந்தது எவ்வளவு காலம், என்னென்ன வேலை, கூடுதலாக என்ன ஊக்கத்தொகை என்பதெல்லாம் எழுதப்பட வேண்டும் என்றது. நாம் கேட்க வேண்டிய பணம் இந்தத் தீர்ப்பின் மேல்தான் நிற்கிறது. மாநில பட்ஜெட்டில் நீதி நிர்வாகத்துக்கு ஒரு மானியக் கோரிக்கை, அதாவது துறைக்குச் சட்டமன்றம் ஒதுக்குகிற பணம், காவல்துறைக்கு ஒன்று. கோர்ட் வாசல் இந்த இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. கேட்டால் கோர்ட் நிர்வாகம் "போலீஸ் பார்க்கணும்" என்கிறது, போலீஸ் "கோர்ட்டுக்கான செலவு" என்கிறது. இந்தச் செலவுக்கென்று காவல்துறை மானியத்தில் ஒரு தனித் தலைப்பும் பணியிடங்களும் உருவானால்தான் மெஷினைப் பழுது பார்க்கவும் யாரைக் கேட்பது என்று தெரியும். இது மெதுவாக நடக்கிற காரியம் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒரு தடவை பணியிடம் உருவாகிவிட்டால் வருடா வருடம் யாரிடமும் போய் நிற்க வேண்டாம்.

அதுவரை? முன்னாள் ராணுவத்தினர் கழகமான டெக்ஸ்கோ மூலம் ஆள் எடுக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. எனக்குப் பிடித்திருக்கிறது. நம் பக்கத்துக் கிராமங்களில் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர்கள் நிறையப் பேர். ஒழுங்கு உண்டு, ஜனங்களும் மரியாதையாகப் பேசுவார்கள். வரிசையை ஒழுங்குபடுத்த, மெஷினைக் கவனிக்க, பையைப் பார்க்க அவர்கள் போதும். போலீஸ் அதிகாரம் அவர்களுக்கு இல்லை என்பதால், கத்தி பிடிபட்டால் அடுத்து செய்ய ஒரு காவலர் பக்கத்தில் இருந்தாக வேண்டும். எட்டில் நால்வர் காவலர், நால்வர் முன்னாள் ராணுவத்தினர் என்றால் செலவு கொஞ்சம் குறையும். பெண்களைச் சோதிக்கிற வேலை மட்டும் பெண் காவலருக்கே இருக்கட்டும். அதற்கு நாலு பக்கமும் துணி கட்டிய ஒரு மறைவு, உள்ளே ஒரு ஃபேன். மீனாட்சி அம்மன் கோயில் வாசலில் தினமும் இப்படித்தான் ஆயிரக்கணக்கான பெண்கள் சோதனை முடிந்து உள்ளே போகிறார்கள். போன், செருப்பு எல்லாம் வெளியே வைத்துவிட்டுத்தான் போகிறோம். கோயில் வாசலில் பொறுமையாக நிற்கிற நாம் கோர்ட் வாசலிலும் நிற்போம்.

இதைச் சொல்லும்போது எங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வக்கீல்களைச் சோதிக்கக் கூடாது என்று சங்கத்தில் சிலர் உறுதியாக இருக்கிறார்கள். 2009 பிப்ரவரி 19 அன்று உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் போலீஸ் தடியடி நடத்திய காட்சி மூத்தவர்கள் மனதில் இன்னும் இருக்கிறது. அந்தக் காயத்தை நான் சாதாரணமாக நினைக்கவில்லை. ஆனாலும் ரோகிணிக்கு அப்புறம் கறுப்பு கோட்டை மட்டும் பார்த்து விட்டுவிட முடியாது. வழக்கறிஞர்களுக்குத் தனி வரிசை, அடையாள அட்டை, நிலை வழியாக நடப்பது, இந்த அளவுக்காவது நாம் சம்மதிக்க வேண்டும். நாம் சம்மதிக்காமல் அரசிடம் லட்சக்கணக்கில் கேட்பதற்கு எனக்கு வாய் வரவில்லை.

காசே கேட்காத வேலைகளும் இருக்கின்றன. எங்கள் கோர்ட்டுக்குப் பின்பக்கம் ஒரு சின்ன வாசல் உண்டு. ஜெராக்ஸ் கடைக்கும் டீக்கடைக்கும் அது வழி. முன்வாசலில் எட்டுப் பேர் நின்றாலும் அது திறந்திருந்தால் பிரயோஜனம் இல்லை. டீக்கடைக்காரருக்கு நஷ்டம் வரும், அவரிடம் பேசி முன்பக்கம் இடம் ஒதுக்கலாம். காலையில் கோர்ட் திறக்குமுன் கழிப்பறை, பழைய ரெக்கார்டு மூலை, படிக்கட்டின் அடி எல்லாவற்றையும் ஒருவர் சுற்றிப் பார்த்து நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். மைசூருவை நினைத்துத்தான் சொல்கிறேன்.

ஜாமீன் நிபந்தனைக்காகத் தினமும் பத்தரைக்குக் கையெழுத்துப் போட வருகிறவர்கள் விஷயம் இன்னும் முக்கியம். பகையாளிக்கு அவர் வருகிற நேரமும் பாதையும் தெரியும். திருநெல்வேலியில் வெட்டு விழுந்தது வாசலுக்கு வெளியே. கையெழுத்து நேரத்தை மாற்றிக் கொடுப்பது, முடிந்தால் வேறு ஊரில் போடச் சொல்வது போன்றவற்றை நாமே மனுவில் கேட்கலாம். முதல் ஆஜருக்குப் பிறகு சிறையிலிருந்து ரிமாண்ட் நீட்டிப்பை வீடியோவில் செய்யச் சட்டம் இடம் கொடுக்கிறது. 2023-இல் ஒப்புதலான 7,210 கோடி ரூபாய் மதிப்புள்ள மூன்றாம் கட்ட இ-கோர்ட் திட்டத்தில் கோர்ட்டுக்கும் சிறைக்கும் இந்த வசதிக்குப் பணம் இருக்கிறது. கைதியை அழைத்து வரும் வழிக்காவல் குறைந்தால், மிச்சமாகிற ஆயுதப்படை ஆள் ஒருவர் வாசலுக்கு வெளியே, ரோட்டைப் பார்த்து நிற்கலாம். புதுப் பணம் இல்லாமல் கிடைக்கிற ஆள் அவர்.

மனுவின் வரைவு என்னிடம் இருக்கிறது. ஸ்டாம்ப் வேண்டாம், நன்கொடை வேண்டாம் என்று எழுதிவிட்டேன். மெஷினும் அதன் பராமரிப்பும் தொகுதி நிதியில், ஆட்கள் காவல்துறை மானியத்தில் நிரந்தரமாக, பணியிடம் வருகிற வரைக்கும் நான்கு பேர் டெக்ஸ்கோ மூலம் என்று போட்டிருக்கிறேன். பின்வாசலை நாளைக்கே அடைக்கலாம் என்று ஒரு வரி. பணியிடம் எத்தனை என்று கேட்கிற இடத்தில் எட்டு என்று எழுதி, அதில் பெண்கள் மூன்று என்பதைப் பேனாவால் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். சனிக்கிழமை குறைத்துக் கேட்கலாம் என்று யாராவது சொல்வார்கள். ஆண் காவலரைக் குறைப்பது பற்றிப் பேசலாம், அந்த மூன்றை மட்டும் குறைக்க விடமாட்டேன். பாட்டிக்கு அடுத்த வாய்தா இந்த மாதக் கடைசியில் வருகிறது.